சனிக்கிழமைக்கு மாற்ற முடியாத நேர்த்தி

அவரை வீட்டுக்குள் கூப்பிடுவது சுகம். வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடு.

ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், எங்களுக்குப் பக்கத்துக் கதவு அவருடையது. பிரேசில்காரர். பெயரை எழுதப் போவதில்லை. காலமாகி மூன்று வருடமான மனிதரை நான் பகிடி பண்ணுகிறேன் என்று அவருடைய மகள் நினைக்கக் கூடாது. பகிடி பண்ணத்தான் போகிறேன், அது வேறு விஷயம்.

பகலில் ஆட்களின் குளியலறைகளுக்கு ரைல்ஸ் ஒட்டுவார். மற்ற நேரமெல்லாம் வியோலா வாசிப்பார். பார்த்தால் கிற்றார்போல இருக்கும், கொஞ்சம் சின்னது, தந்தி மட்டும் பத்து. மினாஸ் என்ற மலைநாட்டுப் பக்கம் அவர் பேர்போன நாட்டுப்பாடகராம். நாங்கள் நம்பவில்லை. ஊரைவிட்டு வந்தவர்களில் ஊரில் பேர்போகாமல் இருந்த ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம். என் கணவர்கூட ஊரில் பெரிய கிரிக்கெட் வீரராம்.

ஒருநாள் ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை ஒலிப்பதிவுச் சாமான்களோடு வந்து அவர் வீட்டில் இருந்தபோதுதான் நம்பினோம். பழைய பாட்டு ஒன்றைப் பதிந்துகொண்டு போக வந்தவ. அவர் முதலில் அவ வந்ததற்கு நன்றி சொல்லிப் பாடினார். பிறகு மைக்குக்கு நன்றி. பிறகு அவ கொண்டுவந்த டோனட் பெட்டிக்கு நன்றி, அதுவும் நாலு கண்ணிகள். கேட்க வந்த பாட்டுக்குக் கிட்டப் போவதற்குள் அவவுக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. அவ போனதற்கும் வாசலில் நின்று ஒரு பாட்டு.

அதுதான் அவருடைய வியாதி. யார் எதைக் கொடுத்தாலும் பாடி நன்றி சொல்லாமல் வாங்கமாட்டார். பார்மசியில் காய்ச்சல் ஊசி போட்ட பெண்ணுக்கு, சட்டைக் கையை இறக்காமலே நின்று பாடினார். பின்னால் வரிசையில் நின்ற நான் எனக்கு அவரைத் தெரியாது என்பதுபோல இருமல் மருந்து விலை பார்த்தேன். அவர் விடுவாரா? "டோனா!" என்று கூப்பிட்டுக் கை காட்டினார். டோனா என்றால் அவர்கள் பாஷையில் வீட்டம்மா. பேசுவதெல்லாம் அரைகுறை இங்கிலீஷ். என்னுடையதும் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்தால் முழுதாக விளங்கும்.

எங்கள் சனத்துக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியும், நடுவில் வாய் திறக்கமாட்டோம். முப்பது வருடமாக நான் போட்ட தேத்தண்ணிக்கு என் கணவர் ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பயந்து டொக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். இந்தப் பாட்டுக்காரர் பக்கத்தில் வந்த பிறகு, என் கணவர் கோப்பையை வைக்கும்போது மேசையில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அது பாட்டாம். சரி, அந்த மட்டிலாவது.

இந்த நன்றிப் பாட்டுகள் அவர் இங்கே வந்து கண்டுபிடித்தவை இல்லை. அவருடைய ஊர் வழக்கம். குழந்தை யேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து மூன்று அரசர்கள் வந்தார்கள் அல்லவா? அவர்கள் பெயரால் கிறிஸ்மஸ் தொடங்கி ஜனவரி ஆறாம் திகதி வரை ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு, வியோலாவும் மேளமுமாக வீடுவீடாகப் போவார்கள். கதவைத் தட்டக் கூடாது. மூடிய கதவுக்கு முன்னால் நின்று அனுமதி கேட்டுப் பாட வேண்டும். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து திறக்க வேண்டும். கொடிதான் முதலில் நுழையும். தந்ததற்கெல்லாம் பாட வேண்டும். விடைபெறும்போது வீட்டுக்காரரை இன்னார் என்று அடையாளம் சொல்லிப் பாட வேண்டும். என்னை 'வேலையால் வந்த கையோடு வடை சுட்டவள்' என்று பாடினார். எங்களுக்கு எதிர்க்கதவு மட்டக்களப்பு அக்காவை 'மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றும் சிரிக்கிறவள்' என்று பாடினார். இன்னும் ஒரு விதி, கடைசி நாளில் வாசல்வரை வந்த கொடி திறக்காத கதவைவிட்டுத் திரும்பக் கூடாது.

"உங்களுக்கு என்னத்துக்கு உந்தப் பாடு? ரைல்ஸ் ஒட்டின முழங்காலோட?" என்று ஒருநாள் கேட்டேன்.

சொன்னார். மகளுக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல். டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள். மனைவி கொடிக்கு முன்னால் முழந்தாளிட்டு, பிள்ளை பிழைத்தால் ஏழு வருடம் விடாமல் கொடி எடுப்போம் என்று நேர்ந்திருக்கிறா. பிள்ளை பிழைத்தது. மூன்று வருடம் எடுத்தார்கள். பிறகு கனடா. குளிர், வேலை, ஆள் இல்லை, நின்றுபோனது. மனைவியும் போய்ச் சேர்ந்தா. மகள் வளர்ந்து ஒஷாவாவில் ஒரு பல் டொக்டரிடம் வேலை பார்த்தாள். ஒருநாள் அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் என்று செய்தி வந்தது. அரசர்கள் ஞாபகப்படுத்துகிறார்கள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அறுபது வயதில் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார். நடுவில் ஒரு வருடம் விட்டாலும் மறுபடி ஒன்றுதான்.

"நேர்த்தி கா!" என்றா மட்டக்களப்பு அக்கா, நான் போய்ச் சொன்னதும். "நேர்த்திய அந்தரத்துல விட்டுட்டு எப்பிடிக் கா மனுசன் நித்திரை கொள்ளுற?"

மகளுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவள் தும்மினால் இவர் போனில் ஒரு மணித்தியாலம் விசாரிப்பார். அவருடைய கணக்கில் அவளுடைய உயிர் இரவல் உயிர். ஏழு வருடம் முடிந்தால்தான் சொந்தம்.

முதல் வருடம் அவரும் இரண்டு பிரேசில் சிநேகிதர்களும் எங்கள் கதவுக்கு முன்னால் நின்று பாடத் தொடங்கியபோது, என் கணவர் கதவுத் துளையில் கண்ணை வைத்தார்.

"மூண்டு பேர். மேளம் வச்சிருக்கினம். ஆயுதம் ஒண்டும் இல்லை," என்றார்.

திறந்தோம். கொடி வந்தது, அவர்கள் வந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா விடலாமா? ரோல்ஸ் கொடுத்தேன். சாப்பிட்டார்கள், எழுந்து நின்று ரோல்ஸுக்குப் பாடினார்கள். பாடி முடிய வெறும் கோப்பையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வெறும் கோப்பையோடு விருந்தாளி இருந்தால் எனக்கு நெஞ்சு பதறும். வடை வைத்தேன். வடைக்குப் பாட்டு. அதற்குள் தேத்தண்ணி கொதித்துவிட்டது. தேத்தண்ணிக்குப் பாட்டு. சத்தம் கேட்டு மட்டக்களப்பு அக்கா எட்டிப் பார்த்தா. யாழ்ப்பாணத்தாள் மட்டும் கொடுக்க, தான் பார்த்துக்கொண்டு நிற்பதா? சட்டியோடு தயிரும் புட்டும் வந்தன. சட்டிக்கு ஒரு பாட்டு, புட்டுக்கு ஒரு பாட்டு. நான் விடுவேனா? பிரீஸரில் இருந்த பற்றிஸை எடுத்து எண்ணெயில் போட்டேன்.

இரண்டரை மணித்தியாலம். மேளக்காரர் வாய் நிறையப் புட்டோடு என் கணவரைப் பார்த்துக் கும்பிட்டார். என் கணவர் குசினிக்குள் வந்து அடுப்பை நிற்பாட்டினார்.

"இஞ்சேரும், இனி ஒண்டும் குடுக்காதேயும். நீர் குடுத்தா அவர் பாடுவார். அவர் பாடினா நீர் குடுப்பீர். உதுக்கு முடிவே இல்லை."

அடுத்த வருடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே தட்டத்தில் வைத்து ஒரே தரத்தில் கொடுப்பது என்று தீர்மானித்தோம். தீர்மானித்தது என் கணவர். அவருக்கு அந்த விஷயத்தில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. எந்த விதிக்கும் ஒரு பரிகாரம் கண்டுபிடித்துவிடுவார். கொடி போன வழியைக் கொடியே திரும்ப வெட்டக் கூடாது என்று இன்னொரு விதி. பதினாலு மாடிக் கட்டடத்தில் ஓடுகிற எலிவேற்றர் ஒன்று. மேலே போன பெட்டியில் கீழே வந்தால் வழியை வெட்டியதாகுமா? இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள். கடைசியில் ஏறுவது கிழக்குப் படி, இறங்குவது மேற்குப் படி என்று தீர்ப்பு. பாவம், அந்த முழங்கால்.

இப்படி ஆறு வருடம் போனது. ஏழாம் வருடம் மார்கழி தொடங்கும்போது சிநேகிதர்களில் ஒருவர் வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போய்விட்டார். மற்றவருக்கு முதுகில் ஒப்பரேஷன். பாட்டுக்காரர் எங்கள் சோபாவில் வந்து இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். பாடவில்லை. எனக்குப் பகீரென்றது.

"ஆறு வருடமும் போச்சு, டோனா," என்றார்.

"ஏன் போகும்? நாங்கள் இல்லையோ அண்ணை?" என்றார் என் கணவர். சபையில் வாய் திறக்காத மனிதர். நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்படித்தான் மூன்று சைவக்காரர் யேசுநாதரின் அரசர்களுக்குக் கொடி எடுத்தோம். என் கணவர் மேளம். அடித்துப் பழக்கமில்லை, ஆனால் கோயிலில் தவிலுக்குப் பக்கத்தில் நிறைய நாள் நின்றிருக்கிறாராம். கொடி அக்காவுக்கு. பின்பாட்டு நானும் அக்காவும். அவர் சொல்லச் சொல்லப் போர்த்துக்கேயப் பாட்டைக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினேன். அர்த்தம் தெரியாமல் பக்தியாகப் பாடுவது எங்களுக்குப் புதிதா? ஐயர் சொல்லுவதற்கெல்லாம் அர்த்தம் கேட்டா இத்தனை வருடம் கும்பிட்டோம்?

கடைசி வருடத்தின் கடைசி வாசல், நேர்த்தி யாருக்காக வைத்ததோ அந்த ஆளின் வாசலாக இருக்க வேண்டும். கொடியை அந்த ஆளின் தலைக்கு மேலாக எடுத்தால்தான் நேர்த்தி முடியும். மகள் ஆறு வருடமும் கொடியைக் கிட்ட விடவில்லை. தகப்பன் அவளிடம் கேட்கப் பயந்தார். நான் போன் எடுத்தேன். அவள் இங்கிலீசில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"அன்ரி, சின்ன வயசில வீடு வீடா என்னைக் கூட்டிக்கொண்டு போவினம். 'சாவு திருப்பித் தந்த பிள்ளை' எண்டு அப்பா பாடுவார். பொம்பிளையள் என்ர நெத்தியைத் தொட்டு அழுவினம். எனக்கு இப்ப முப்பத்தேழு வயசு. வீடு வாங்கியிருக்கிறன். அந்தக் கொடிக்குக் கீழ மட்டும் நான் இன்னும் நாலு வயசில சாகக் கிடக்கிறன்."

"ஒருக்காப் பிள்ளை. ஒரே ஒருக்கா. முடிச்சுப்போட்டு மனுசன் நிம்மதியா இருக்கட்டும்," என்றேன்.

சரி என்றாள். "ஆறாம் திகதியோ?"

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். ரொறொன்ரோவில் எங்கள் சனத்துக்குக் கிழமையில் ஒரு நாள்தான். செவ்வாய்க்கிழமை பிறந்த பிள்ளைக்குச் சனிக்கிழமைதான் கேக் வெட்டுவோம். வாணி விழா, பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்திய வீடு, செத்தவருக்கு அந்தியேட்டி மதியபோசனம், எல்லாம் சனிக்கிழமை. சரஸ்வதியே பொறுத்துக்கொள்ளுகிறா. "ஆறு செவ்வாய்க்கிழமை எல்லோ பிள்ளை? வேலை நாளில ஆர் வருவினம்? பத்தாம் திகதி, சனிக்கிழமை வாறம்," என்றேன்.

பெருமையோடு போய் அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! "டோனா, அரசர்கள் வந்தது ஆறாம் திகதி," என்றார். அவ்வளவுதான். மூன்று பேரும் செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டோம். லீவு எடுக்கிற அமளியில் மகளுக்குத் திருப்பிச் சொல்ல நான் மறந்தேன். அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு சிக்கல். அரசர்கள் கிழக்கிலிருந்து மேற்கே வந்தவர்கள், ஆகவே கொடியும் கடைசி வாசலுக்குக் கிழக்கிலிருந்துதான் வர வேண்டும். ஒஷாவாவோ எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. அவர் தலையில் கை வைத்தார். என் கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கொடியைச் சுருட்டி டிக்கிக்குள்ள வைப்பம். சுருட்டினா அது கொடியில்லை, துணி. ஒஷாவாவைத் தாண்டி ரெண்டு எக்ஸிட் போவம். அங்க விரிச்சுப்போட்டு மேற்கால வருவம்."

பாட்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பெற்றோல் நிலையத்தில் கொடியை விரித்து, அந்தப் பெற்றோல் நிலையத்துக்கும் பாடிவிட்டு, மேற்கே திரும்பினோம்.

மகளின் வீட்டுக்கு முன்னால் இறங்கியபோது பின்னேரம் இரண்டு மணி. மைனஸ் பதினாலு. பாடினோம். கதவு திறக்கவில்லை. இன்னும் பாடினோம். கார் நிற்கவில்லை என்பதை அக்காதான் கண்டா. எனக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது.

"ஐயோ, நான் சனிக்கிழமை எண்டெல்லோ சொன்னனான்!"

போன் எடுத்தோம். வேலையில் போனைப் பூட்டி வைப்பாளாம். குரல் பதிவு வைத்தேன், அழுதழுது வைத்தேன். ஐந்து மணிக்கு முன் கேட்கமாட்டாள்.

"காருக்குள்ள இருந்து பாடினா என்ன அண்ணை?" என்றார் என் கணவர்.

முதன்முறையாகப் பரிகாரம் எடுபடவில்லை. "வாசலுக்கு வந்த கொடி திரும்பக் கூடாது," என்றார் அவர். கோபம் இல்லை. முகத்தில் பயம் இருந்தது. "இன்று முடியாவிட்டால் ஒன்றிலிருந்து. எனக்கு அறுபத்தேழு, டோனா."

நின்றோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கம்பளி கொண்டுவந்து தந்தார். அதற்கொரு பாட்டு. மனுசன் உருகிப்போய் ஓடிப்போய்க் கையுறைகள் கொண்டுவந்தார். அதற்கொரு பாட்டு. அவர் மூன்றாம் தரம் வீட்டுக்குள் ஓட, என் கணவர் பின்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நிற்பாட்டினார்.

குளிரில் எனக்கு வாய் நிற்கவில்லை. மகள் போனில் சொன்னதை எல்லாம் கொட்டிவிட்டேன், நெற்றியைத் தொட்டு அழுத பெண்களிலிருந்து நாலு வயது வரைக்கும். அவர் வியோலாவில் கை வைத்தபடி கேட்டார்.

"ஆனால் அந்த வரி பாட்டில் இருக்கிறது, டோனா. அவளை அப்படித்தான் அடையாளம் சொல்லுவது."

"பாட்டில மூளைக்காய்ச்சல் வரத்தான் வேணும் எண்டு ஆர் சொன்னது?" என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தேகாலுக்கு மகளின் கார் வந்தது. இறங்கி எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். "சனிக்கிழமை எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றாள். பிறகு தகப்பனின் உதட்டைப் பார்த்தாள், அது நீலமாக இருந்தது. திறப்பை எடுத்துக்கொண்டு முன்கதவுக்கு வந்தாள்.

"நில்லு புள்ள!" என்று அக்கா கொடியைக் குறுக்கே பிடித்தா. "வீட்டுக்காரி உள்ளுக்கிருந்துதான் திறக்கணும்!"

அவள் அக்காவைப் பார்த்தாள். மட்டக்களப்பிலிருந்து வந்து தனக்குத் தன் ஊர் வழக்கம் படிப்பிக்கிற பெண்ணைப் பார்த்து என்ன நினைத்தாளோ, கராஜ் வழியாக உள்ளே போனாள். லைற் எரிந்தது. கதவு திறக்கவில்லை. அவர் பாடத் தொடங்கினார், குரல் வரவில்லை. நானும் அக்காவும் கொப்பியில் எழுதிய அனுமதிப் பாட்டை யாழ்ப்பாணமும் மட்டக்களப்புமாகப் பாடினோம். இரண்டாம் கண்ணியில் கதவு திறந்தது.

அக்கா கொடியோடு முன்னே போனா. மகள் விறைத்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலாகக் கொடியை எடுத்தார்கள். அவள் கண்ணை மூடவும் இல்லை, குனியவும் இல்லை. பிறகு குசினிக்குள் போய் எங்கள் எல்லோருக்கும் கோப்பி கொண்டுவந்தாள்.

குடித்து முடித்து அவர் எழுந்தார். விடைபெறும் பாட்டு மிச்சம் இருந்தது. விரல்களை ஊதி ஊதிச் சூடாக்கி வியோலாவைத் தொட்டார். மகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள். அந்த வரிக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர் கரகரத்த குரலில் மூன்று கண்ணி பாடினார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாலாவதில் மகளைப் பார்த்துப் பாடினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்தது.

"என்னவாம் புள்ள?" என்றா அக்கா, பொறுக்கமாட்டாமல். "என்ன சொல்லிப் பாடுறார்?"

மகள் மூக்கை உறிஞ்சினாள். சிரித்தாளா அழுதாளா, இரண்டும்தான்.

"கோப்பி சரியான தண்ணியாம்," என்றாள். "இந்த வீட்டுக்காரிக்குக் கோப்பி போடத் தெரியாதாம். வேற ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி. வேற ஒண்டுமே சொல்லேல்லை."